கண்ணாடி பாதி வேலைதான்: குழந்தைகளின் கிட்டப்பார்வையைப் புரிந்துகொள்வதும் கையாள்வதும்

பள்ளியில் கண் பரிசோதனை நடந்து, பிள்ளைக்குத் தூரப்பார்வை மங்கல் என்று ஒரு சீட்டு வீட்டுக்கு வருகிறது. பெற்றோர் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள், மைனஸ் ஒன்று பவர் என்று அளந்து சொல்கிறார்கள், பிடித்த நிறத்தில் ஒரு சட்டம் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கரும்பலகை தெளிவாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு பவர் ஒன்றரை, அதற்கடுத்த ஆண்டு இரண்டேகால். ஒவ்வொரு முறையும் கண்ணாடி மாறுகிறது. பவர் ஏன் ஏறுகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கண்ணாடி மங்கலைப் போக்கும்; மங்கலுக்குக் காரணமான வளர்ச்சியைச் சாதாரணக் கண்ணாடி தடுக்காது. அந்த வளர்ச்சியைத் தள்ளிப்போடவும் மெதுவாக்கவும் இன்று வழிகள் உண்டு. அவற்றில் மலிவானது பெற்றோரின் கையில் இருக்கிறது.

நீண்டுபோன கண்

பிறந்த குழந்தையின் கண், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவரின் கண் சுமார் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் மூன்று ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கருவிழியும் உள்ளிருக்கும் லென்ஸும் குவிக்கும் ஒளி சரியாக விழித்திரையில் விழும்படி கண் மெல்ல மெல்லத் தன் நீளத்தைச் சரிசெய்துகொள்கிறது. இந்த ஒழுங்கு தவறிக் கண் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், எதிரே வரும் பேருந்தின் எண் தெரியாது. இதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதல் நீளம் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் பவருக்குச் சமம். நீண்ட எலும்பு குட்டையாவதில்லை. நீண்ட கண்ணும் அப்படித்தான். கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் நல்ல உணவு, வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்கக்கூடியவை. ஆனால் நீண்டுவிட்ட விழிக்கோளத்தை அவற்றால் சுருக்க முடியாது. கண்ணை உருட்டும் பயிற்சிகளாலும் முடியாது. வந்ததை மாற்ற முடியாது என்பதால்தான், வருவதைத் தள்ளிப்போடுவதும் ஏறுவதை மெதுவாக்குவதும் இவ்வளவு முக்கியமாகின்றன.

‘கண்ணாடி போட்டால் தெரிகிறது, பவர் எவ்வளவு ஏறினால் என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். கண் நீளும்போது அதன் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையும் சேர்ந்து இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்கு, நடுவயதுக்கு மேல் விழித்திரை பிரிந்துபோதல், கண்நீர் அழுத்த நோய், விழித்திரையின் மையப்பகுதி சிதைதல் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுகிறது. மையப்பகுதி சிதைந்தபின் எந்தக் கண்ணாடியாலும் பார்வையைத் திருப்பித் தர முடியாது. ‘பதினெட்டு வயதில் லேசர் செய்துகொண்டால் போயிற்று’ என்பது அடுத்த வாதம். லேசர் செதுக்குவது கண்ணின் முன்பக்கத்திலிருக்கும் கருவிழியை. கண்ணாடி இல்லாமல் பார்க்க அது உதவும். பின்னால் இழுபட்டு நிற்கும் விழித்திரை அப்படியேதான் இருக்கும், அபாயமும் அதனோடே இருக்கும். கிட்டப்பார்வையை ஒரே ஒரு டயாப்டர் குறைத்து நிறுத்தினாலும், மையப்பகுதி சிதையும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மைனஸ் ஐந்தில் நிற்க வேண்டிய பவரை மைனஸ் நான்கில் நிறுத்துவது சின்ன வெற்றியாகத் தோன்றலாம். ஐம்பது வயதில் அதன் மதிப்பு தெரியும்.

பரம்பரையா, பழக்கமா?

‘அப்பாவுக்கு இருக்கிறது, பிள்ளைக்கும் வந்துவிட்டது’ என்ற பேச்சில் உண்மை உண்டு. பெற்றோரில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் பரம்பரையை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய வேகத்தை விளக்க முடியாது. 2000ஆம் ஆண்டில் உலக மக்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு இருந்த கிட்டப்பார்வை, 2050இல் பாதிப்பேருக்கு இருக்கும் என்று 2016இல் வெளிவந்த ஒரு கணிப்பு கூறுகிறது. ஐம்பது ஆண்டுகளில் மனித மரபணு அப்படி மாறிவிடாது. இதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. அலாஸ்காவின் பாரோ பகுதியில் வாழ்ந்த இனுயிட் குடும்பங்களைப் பற்றி 1969இல் ஓர் ஆய்வு வெளியானது. பள்ளியையே பார்க்காமல் வளர்ந்த மூத்த தலைமுறையினரிடம் கிட்டப்பார்வை மிக அரிது. பள்ளிக்குப் போன அவர்களது பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருந்தது. ஒரே இரத்தம்தான், வாழ்க்கைமுறைதான் மாறியது.

மாறிய வாழ்க்கைமுறையில் எது குற்றவாளி என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில், படிப்பு. அந்தப் பதில் முழுமையானதல்ல என்று காட்டியது 2008இல் வெளியான ஓர் ஒப்பீடு. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும், சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. பெற்றோரின் கிட்டப்பார்வை இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குப் படித்த புத்தகங்கள் அதிகமே தவிரக் குறைவில்லை. பெரிய வேறுபாடு ஒன்றுதான்: சிட்னிக் குழந்தைகள் வாரத்தில் 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்க் குழந்தைகள் 3.05 மணி நேரம் மட்டுமே இருந்தார்கள்.

ஒப்பீடு காரணத்தை நிரூபித்துவிடாது என்ற மறுப்பு நியாயமானது. வெளியே ஓடியாடும் குழந்தைகள் வேறு ஏதோ வகையில் வித்தியாசமானவர்களாக இருக்கலாம். அதற்கான விடையைச் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த சோதனை தந்தது. பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, வழக்கம்போல் இயங்கிய பள்ளிகளில் 39.5 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளிப்புற வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவான் இதை நாடு தழுவிய கொள்கையாக்கி, நாளுக்கு 120 நிமிடம் குழந்தைகள் வெளியே இருக்க வேண்டும் என்று 2010 முதல் பள்ளிகளை வலியுறுத்தியது. அங்கே பார்வைக் குறைவுள்ள தொடக்கப் பள்ளி மாணவர்களின் விகிதம் அதுவரை ஏறிக்கொண்டே வந்து 50 சதவீதத்தைத் தொட்டிருந்தது. பிறகு திசை மாறி, 2015இல் 46.1 சதவீதத்துக்கு இறங்கியது. எதிர்ப்பக்கச் சான்று பெருந்தொற்றுக் காலத்தில் கிடைத்தது. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஃபெய்செங் நகரப் பள்ளிகளில் ஆறு வயதுக் குழந்தைகளிடம் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 5.7 சதவீதத்தைத் தாண்டாத கிட்டப்பார்வை, ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட 2020இல் 21.5 சதவீதமாகப் பதிவானது.

வெளியே இருந்தால் கண்ணுக்கு என்ன நடக்கிறது? வகுப்பறையில் விழும் வெளிச்சம் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். மர நிழலிலேயே அது ஆயிரக்கணக்கில் இருக்கும், நேர் வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. கண் நீள்வதற்கு அது கடிவாளம் போடுகிறது என்பதைக் கோழிக்குஞ்சுகளை வைத்து நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. விளையாட்டைவிட வெளிச்சமே முக்கியம் என்பதால், ஓடாமல் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசும் குழந்தைக்கும் பயன் உண்டு. மின்விளக்கு எரியும் உள்ளரங்கில் இறகுப்பந்து ஆடும் குழந்தைக்கு உடல் வலுப்பெறும், கண்ணுக்கு இந்தப் பயன் கிடைக்காது.

‘நம் ஊர் வெயிலிலா?’

தமிழ்நாட்டில் இந்த அறிவுரைக்கு வரும் முதல் எதிர்ப்பு வெயில். சித்திரை, வைகாசியின் நடுப்பகலில் பிள்ளையை மைதானத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் நம் ஊரில் கிடைக்கும் வெளிச்சம் இதற்குத் தாராளம். தைவானில் நடந்த இன்னோர் ஆய்வில், 1000 லக்ஸ் அளவுள்ள மிதமான வெளிச்சத்திலேயே போதிய நேரம் இருந்த குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. வேப்பமர நிழலும் திறந்த திண்ணையும் அந்த அளவை எளிதில் தரும். தொப்பி அணியலாம், தண்ணீர் குடிக்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. குளிர்நாடுகள் தவம் கிடக்கும் வெளிச்சம் நமக்கு ஆண்டு முழுவதும் வாசலில் கிடக்கிறது. நாம் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறோம்.

இரண்டாவது எதிர்ப்பு படிப்பு. பள்ளி முடிந்ததும் டியூஷன், டியூஷன் முடிந்ததும் வீட்டுப்பாடம், இதில் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? அது ஒரே தவணையில் வர வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்து போவது, இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே வருவது, மதிய உணவை மரத்தடியில் உண்பது, மாலையில் ஒரு மணி நேரம் தெருவிலோ மொட்டை மாடியிலோ விளையாடுவது எல்லாம் சேர்ந்தே கணக்கு. டியூஷனை ஐந்து மணிக்குப் பதில் ஆறரைக்கு மாற்ற முடிந்தால் வெளிச்சமும் மிஞ்சும், பாடமும் நடக்கும். பெண் குழந்தைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பத்து வயதானதும் ‘வெளியே என்ன விளையாட்டு’ என்று அவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளும் வீடுகள் பல. கண் இன்னும் நீளும் பருவத்தில் அவர்களுக்கு வெளிச்சத்தை மறுப்பது, பின்னால் தடித்த கண்ணாடியைப் பார்த்து வருந்துவதற்கான முன்னேற்பாடு.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. திரை நேரம் நாளுக்கு ஒரு மணி கூடும்போதெல்லாம் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு சுமார் 21 சதவீதம் கூடுவதாக, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2025இல் வெளியான கணக்கு காட்டுகிறது. இது தொடர்பைக் காட்டும் கணக்கு. திரையிலிருந்து வரும் நீல ஒளிதான் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது, அதற்குச் செலவிடும் பணம் வீண். சிக்கல் இரண்டு: கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் நெடுநேரம் பிடிப்பது, வெளியே இருக்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுவது. அதனால் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை அதே அறையில் உட்கார வைத்தால் பாதிப் பயன்தான். பாடக் காணொளியைத் தொலைக்காட்சியில் தள்ளி நின்று பார்க்கச் செய்வது, புத்தகத்தை முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாத தொலைவில் வைப்பது, படுத்துக்கொண்டு படிக்காமல் இருப்பது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்கு வெளியே பார்ப்பது ஆகியவை நல்ல பழக்கங்கள். வாசிப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதே கதைப் புத்தகத்தை வாசல்படியில் உட்கார்ந்து படிக்கலாமே.

எப்போது, எப்படிச் சோதிப்பது?

கண் மங்கலாகத் தெரிகிறது என்று குழந்தை தானாகச் சொல்லாது. உலகமே அப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்கு அருகே போய் நிற்பது, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, திடீரென மதிப்பெண் குறைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிப்பது நல்லது. தமிழக அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தின் கீழ் பள்ளி மாணவர்களுக்குப் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்கின்றன. ஆனால் பள்ளிப் பரிசோதனை ஒரு சல்லடைதான். அதில் தேறாத குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டி, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து அளக்கும் முழுச் சோதனை செய்ய வேண்டும். குழந்தையின் கண் பக்கத்துப் பொருளுக்காகத் தானே இறுக்கிக்கொள்ளும் ஆற்றல் மிக்கது. சொட்டு மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தாவிட்டால், இல்லாத மைனஸ் பவரும் இருப்பதுபோலத் தெரியும்.

இந்தச் சோதனையில் பெற்றோர் கேட்டறிய வேண்டிய ஓர் எண் உண்டு. ஆறு வயதில் ஆரோக்கியமான கண் பூஜ்யத்தில் இருக்காது. சற்றே பிளஸ் பக்கம் இருக்கும். அது வளர்ச்சிக்கான சேமிப்பு. அந்த வயதில் பிளஸ் முக்காலுக்குக் கீழே வந்துவிட்ட குழந்தைக்குப் பின்னால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. ‘பவர் எதுவும் இல்லை, கண் நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், பிளஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். வெளிச்சத்தில் செலவிடும் நேரம் மிகுந்த பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான். கிட்டப்பார்வை வந்தபின் அது ஏறுவதை மெதுவாக்க வெளிச்சம் மட்டும் போதுமானதாக இருப்பதில்லை.

வந்த பிறகு

வந்துவிட்டால் முதல் வேலை, சரியான பவரில் கண்ணாடி அணிவது. ‘முழுப் பவர் கொடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கோலாலம்பூரில் 94 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். குறைத்துக் கொடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் ஒரு டயாப்டர் ஏறியது, முழுப் பவர் அணிந்தவர்களுக்கு 0.77. கண்ணாடி அணிவதால் பவர் ஏறுகிறது என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஏறும் பருவத்தில் கண்ணாடி போடுகிறோம், அதனால் கண்ணாடியே காரணம்போலத் தோன்றுகிறது. கண்ணாடி அணிந்த பெண்ணுக்கு வரன் அமையாது என்று ஒளித்துவைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். மங்கலோடு வகுப்பில் உட்காரும் பெண் இழப்பது கல்வியை.

அடுத்து, வேகத்தைக் குறைக்கும் சிகிச்சைகள். ஆறு முதல் பத்து வயதில் பவர் வேகமாக ஏறும், பலருக்குப் பதினைந்து, பதினாறு வயதில் நிலைபெறும். ஆகவே சிறு வயதிலேயே பவர் வந்த பிள்ளைக்குத்தான் இவை மிகவும் தேவை. நீர்த்த அட்ரோபின் சொட்டு மருந்தை நாள்தோறும் இரவில் ஒரு துளி விடுவது ஒரு வழி. ஹாங்காங்கில் நடந்த சோதனையில் ஓராண்டில், மருந்தில்லாத சொட்டு விட்ட குழந்தைகளுக்கு 0.81 டயாப்டர் ஏறியபோது, 0.05 சதவீத அட்ரோபின் விட்டவர்களுக்கு 0.27 மட்டுமே ஏறியது. 0.01 சதவீத மருந்தின் பலன் அங்கே குறைவு, அமெரிக்காவில் 2023இல் வெளியான சோதனையில் அது பலனே தரவில்லை. அதனால் எந்த அளவு என்பதை மருத்துவரோடு பேசியே முடிவுசெய்ய வேண்டும். வெளிச்சத்தில் கூச்சமும் பக்கத்தில் சற்று மங்கலும் வரலாம். திடீரென நிறுத்தினால் பவர் வேகமாக ஏறக்கூடும் என்பதால், கடையில் தானாக வாங்கித் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இரண்டாவது வழி, பார்வையின் ஓரப்பகுதியில் விழும் பிம்பத்தை மாற்றும் சிறப்புக் கண்ணாடி. ஹாங்காங்கில் உருவான அத்தகைய கண்ணாடி, இரண்டு ஆண்டுகளில் பவர் ஏறுவதைச் சுமார் பாதியாகக் குறைத்தது. இதே நோக்கில் பகலில் அணியும் மென்லென்ஸும், இரவில் அணிந்து காலையில் கழற்றும் கடின லென்ஸும் உண்டு. சுத்தம் தவறினால் கருவிழியில் தொற்று வந்து பார்வையே போகலாம். கையைக் கழுவித் துடைக்காமல் தொடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது. சிவப்பு ஒளியை உற்றுப் பார்க்கச் செய்யும் கருவிகளை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். விழித்திரை பாதிப்புகள் பதிவானதால் சீனாவே அவற்றைக் கடும் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்திருக்கிறது.

‘இவ்வளவு செலவு எங்களால் முடியாது’ என்பது மறுக்க முடியாத உண்மை. சிறப்புக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விலை. அதை வாங்க முடியாத பெற்றோர் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. சரியான பவரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையும், நாள்தோறும் வெளிச்சமும் அவர்களுக்கும் எட்டும். ஒவ்வொரு சோதனையின் தேதியையும் இரு கண்களின் பவரையும், வசதி இருந்தால் கண்ணின் நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஆண்டுக்கு அரை டயாப்டருக்கு மேல் ஏறுகிறது என்றால், கண்ணாடி மாற்றுவதோடு நிறுத்தாமல் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கண் முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிழக்காசிய நகரங்கள் சிலவற்றில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கண்ணாடி அணிகிறார்கள். டெல்லிப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் கிட்டப்பார்வை 13.1 சதவீதம். நாம் இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை, போகாமலிருக்க நமக்கு நேரம் இருக்கிறது. உங்கள் பிள்ளை கண்ணாடி அணிந்திருந்தாலும் சரி, இன்னும் அணியாவிட்டாலும் சரி, நாளை மாலை நான்கரை மணிக்கு அவர்களை வெளியே அனுப்புங்கள். இருட்டும் வரை உள்ளே கூப்பிடாதீர்கள்.